குறை எண் 2917

நாச்சிமுத்துவின் விமானம் விழுந்தது காலை ஏழு இருபதுக்கு. ஏழு இருபத்தாறுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் அப்போதுதான் பல்லடம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு என்றதும் நீதிபதி, வக்கீல், வாய்தா என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் மனிதர்கள் செய்கிற மந்தமான வேலை. இதைச் சொன்னது நடுவர் என்கிற இயந்திரம். வீட்டில் கட்டிய விமானம் எது விழுந்தாலும் ஆறே நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிடும். நடுவில் புகுந்து யாரும் திருத்த முடியாது, நிறுத்த முடியாது. அப்படி ஒரு சட்டம்.

'கட்டியவரின் பிழை. குறை எண் 2917: காற்றுத் துளையில் அந்நியப் பொருள். பொருள்: சந்தனம், குங்குமம். வைத்தவர்: கட்டியவரின் மனைவி.'

மத்தியானத்துக்குள் டிவிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 'பொட்டு வைத்தார், பொட்டென்று போனார்' என்று ஒரு புண்ணியவான் தலைப்பே போட்டிருந்தான். அதைப் பார்த்தபோது சுடர்க்கொடியின் கையில் டீ இருந்தது. சுவரில் அடித்து உடைத்திருப்பாள். காகித டம்ளர், உடையாது. கசக்கிக் குப்பையில் எறிந்தாள். அந்தத் தலைப்பு எழுதியவன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் அதிகம். ஏனென்றால் 2917ஆம் குறையை எழுதியவள் அவள்.

அவள் வேலை பார்க்கும் நீள்சிறகு ஏரோ கம்பெனி தாராபுரம் ரோட்டில் இருக்கிறது. அது விமானம் விற்பதில்லை, விமானத்தைப் பெட்டிகளில் போட்டு விற்கிறது. இறக்கை இரண்டு பெட்டி, உடம்பு ஒரு பெட்டி, வால் ஒரு பெட்டி. வாங்குகிறவர் ஒன்றரை வருஷம் வீட்டில் வைத்து மல்லுக்கட்டி, இரண்டு பேர் உட்காருகிற 'ஊசித்தட்டான்' விமானத்தைக் கட்டி முடிக்க வேண்டும். வேலையில் பாதிக்கு மேல் எவர் கை செய்ததோ அவரே விமானத்தைத் தயாரித்தவர் என்பது சட்டம். கட்டியவருக்கு ஐம்பத்தொரு சதவீதம் என்றால், மீதி நாற்பத்தொன்பது சதவீதத்துக்குக் கம்பெனி பொறுப்பு என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் நல்லவர்.

பெட்டியோடு ஒரு கண்ணாடியும் வரும். கட்டுகிறவர் அதை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அவர் கை செய்கிற ஒவ்வொன்றையும் அது படம் பிடித்து நடுவருக்கு அனுப்பும். நடுவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது: கட்டுகிறவர் செய்யக்கூடிய குறைகள், நாலாயிரத்துச் சொச்சம். அதைத் தொகுப்பதுதான் மூன்று வருஷமாகச் சுடரின் வேலை. ஒரு ஊசித்தட்டானில் தகடுகளைச் சேர்த்து அடிக்கிற ரிவிட் ஆணி பதினோராயிரம். ஒரு குறையும் இல்லாமல் பதினோராயிரம் ரிவிட் அடித்த மனிதன் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே எந்த விமானம் விழுந்தாலும் கட்டியவர் கையில் ஏதோ ஒன்று சிக்கும். இதற்கு முன் விழுந்தவை இரண்டு. இரண்டிலும் சிக்கியது.

எம்.டி. ரகுநந்தன் அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு படம். முதல் ஊசித்தட்டான் பறந்த அன்று எடுத்தது. பட்டு வேட்டியில் அவர், பக்கத்தில் மாலை போட்ட விமானம், சுற்றிலும் ஊழியர்கள்.

"பாவம்மா, ரொம்பப் பாவம்," என்றார். "ஆனா நடுவர் தெளிவா சொல்லிருச்சு. நீ எழுதின குறைதானே? பொட்டெல்லாம் கூட யோசிச்சு வெச்சிருக்க பாரு. சபாஷ்."

"ஒரு துளை அடைஞ்சதுக்கு ஒரு ஆள் சாகலாமா சார்?"

"அடைக்கக் கூடாதுன்னு துளையைச் சுத்திச் சிவப்பு வட்டம் போட்டிருக்கோமே. அதுவும் உன் ஐடியாதான்." ஒரு தாளை நகர்த்தினார். "நீ பல்லடம் போயிட்டு வா. தீர்ப்பை ஏத்துக்கறேன்னு அந்தம்மா ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் யாரும் கிளற முடியாது. ஆம்பளை போனா சண்டைக்கு வருவாங்க. நீ போனா ரெண்டு வார்த்தை ஆறுதலாப் பேசலாம்."

செத்த வீட்டில் போய்க் கையெழுத்து வாங்குவதற்கு ஆறுதல் என்று பெயர். சுடர் தாளை எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள் போனாள். நாச்சிமுத்து தறி மில்லில் ஃபிட்டர். காலியாகக் கிடந்த கோழிப்பண்ணைக் கொட்டகையில் வைத்து விமானம் கட்டியிருந்தார். கொட்டகைக்குள் இன்னும் அலுமினியத் துருவல் மினுங்கியது. வாசலில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவின் அக்கா, கம்பெனி என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வாங்க வாங்க, வந்து பாருங்க. கட்டுன புருசனுக்குத் தன் கையாலயே பொட்டு வெச்சு அனுப்புன மகராசி, உள்ளதான் உக்காந்திருக்கறா."

உள்ளே துளசிமணி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். அவளுடைய கட்டை விரல்களில் கறுத்த தழும்புகள். ரிவிட் அடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் இந்தப் பக்கம் அடிக்க, இன்னொருவர் அந்தப் பக்கம் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். கை நழுவினால் விரல் நசுங்கும். பதினோராயிரம் முறை முட்டுக் கொடுத்தவள் அவள்.

"உக்காருங்க அம்மிணி," என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அந்தச் செவப்பு வட்டம் எதுக்குங்க போட்டிருந்தீங்க?"

"அந்த எடத்துல எதுவும் வெக்கக் கூடாதுன்னுதானுங்க அக்கா."

துளசிமணி அவளை வெறித்துப் பார்த்தாள். "வெக்கக் கூடாதுன்னா செவப்பு வட்டம் போடுவாங்களா? பூசையன்னைக்கி எங்க பொட்டு வெக்கறதுன்னு நான் சுத்திச் சுத்தி வந்தனுங்க. லாரின்னா நெத்தி தெரியும், தறின்னா மோட்டாரு தெரியும், இதுல எது நெத்தின்னு யாருக்குத் தெரியும்? பாத்தா, ரவுண்டா, செவப்புல, பொட்டு அளவுக்கு ஒரு வட்டம். அட, கம்பெனிக்காரங்களே எடம் போட்டுக் குடுத்துட்டாங்களேன்னு சந்தோசமா வெச்சேன். மத்த வெரலு படாம, மோதர வெரல்ல எடுத்து, சந்தனத்தை நல்லா அமுத்தி வெச்சு, அது மேல குங்குமம்."

"பக்கத்துல எழுதியிருந்துதுங்களே அக்கா..."

"இங்கிலீசுல எழுதியிருந்துச்சு."

அறுநூற்று நாற்பது பக்கக் கையேடும் இங்கிலீஷில்தான் இருந்தது. எட்டாவது படித்த நாச்சிமுத்து அதிலிருந்த படங்களை மட்டும் பார்த்துக் கட்டியிருந்தார். காற்றுத் துளைக்குப் படம் இல்லை.

"அவரு கண்ணாடி போட்டுட்டுத்தானுங்க பக்கத்துல நின்னாரு. நான் பொட்டு வெக்கறத அந்தக் கண்ணாடியும் பாத்துச்சாமா. டிவியில அதைத்தான் திருப்பித் திருப்பிப் போடறானுங்க. பாத்த மிசினு, 'இந்தாம்மா, அங்க வெக்காதே'ன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அது... சொல்லாதுங்க அக்கா. விழுந்ததுக்கப்பறம் தீர்ப்பு சொல்றது மட்டுந்தான் அதோட வேலை."

சொல்லும்போதே சுடருக்குக் காது சுட்டது. மூன்று வருஷம் அந்த இயந்திரத்தோடு குப்பை கொட்டியிருக்கிறாள். இந்தக் கேள்வியை அவளும் கேட்கவில்லை, அங்கே சம்பளம் வாங்குகிற ஒருவரும் கேட்கவில்லை.

"அந்தத் துளை எதுக்குங்க? எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க. எதனால அவரு போனாருன்னு எனக்குத் தெரியோணும்."

"மூக்குத்தித் துளை அளவுதானுங்க இருக்கும். வெளிக்காத்து அது வழியா உள்ள போகோணும். மேல ஏற ஏறக் காத்து எளசாகும். உள்ள வர்ற காத்தை வெச்சுத்தான் எவ்வளவு உசரம், எவ்வளவு வேகம்னு விமானம் கணக்குப் போடும். துளை அடைஞ்சா, தரையில இருந்த காத்து உள்ளயே நின்னுக்கும். ரெண்டு தென்னமரம் உசரம் ஏறுனதுமே வேகம் சுத்தமா இல்லைன்னு காட்டிரும். வேகமில்லைன்னா விழுந்துரும்னு நெனச்சு, உள்ள இருக்கற காவலன் மிசினு மூக்கைக் கீழ அமுத்தும்."

"நெசத்துல வேகம் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. நல்ல வேகம்."

"அவரு?"

"மேல இழுத்தாருங்க. நாலு தடவை. காவலன் விடலை."

தீர்ப்பின் இரண்டாம் பக்கத்தில் அந்த நாலு தடவையும் இருந்தது. 'விமானி காவலனை எதிர்த்தார்' என்று, இன்னொரு குறையாக.

துளசிமணி அழவில்லை. முந்தானையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "குடுங்க அம்மிணி, எங்க கையெழுத்துப் போடோணும்? பைக்குள்ள கைய வெச்சுட்டே உக்காந்திருக்கறீங்களே, எனக்குத் தெரியாதுங்களா? ஊரே சொல்லுது, மிசினும் சொல்லுது. நான் ஒருத்தி இல்லைன்னா ஆயிருமா? நாந்தான் கொன்னேன்னு போட்டுக் குடுத்தர்றேன்."

"பேப்பரை மறந்துட்டு வந்துட்டனுங்க அக்கா," என்று சொல்லிவிட்டு எழுந்தாள் சுடர். கார் வரைக்கும் நடந்து வந்து, பையிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

ஆபீசுக்கு வந்ததும் முதல் ஊசித்தட்டானின் வரைபடத்தைத் திறந்தாள். காற்றுத் துளைகளை அதில் வரைந்தவள் அவளேதான். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டையும் இணைத்து ஒரு மெல்லிய குழாய். ஒன்று அடைத்தாலும் மற்றது மூச்சு விடும். மனுஷனுக்கு மூக்கில் இரண்டு துவாரம் இருப்பதும் சும்மா இல்லையே. விற்பனைக்கு வந்த பெட்டியில் வலப்பக்கத் துளை இல்லை. இந்த வகை விமானம் அறுநூறு கிலோவைத் தாண்டக் கூடாது. எடை குறைக்க வேண்டும் என்று ரகுநந்தன் உத்தரவு போட்டார். துளை, குழாய், இணைப்பு எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பத்து கிராம். எடுத்துவிட்டார்கள். அதே மாதம் விமானி கண்ணுக்கு நேரே ஒரு பித்தளைத் தகடு வைத்தார்கள், ரகுநந்தனின் பெயரும் கையெழுத்தும் பொறித்து. நானூறு கிராம்.

அப்போது அவள் ஆட்சேபித்து ஒரு கடிதம் எழுதினாள். ஒரே ஒரு கடிதம். அதற்குப் பிறகுதான் அவளை வரைபடப் பிரிவிலிருந்து குறைப் பட்டியலுக்கு மாற்றினார்கள். அவளும் வாயை மூடிக்கொண்டு பட்டியல் எழுதினாள்.

வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு ரகுநந்தன் அறைக்குள் நுழைந்தாள். கதவைத் தட்டவில்லை.

"பித்தளைத் தகட்டுக்கு எடம் இருந்துச்சு, ரெண்டாவது துளைக்கு எடம் இல்லை. அப்படித்தானே சார்?"

"உக்காரு மொதல்ல. ஒத்தைத் துளையோட உலகத்துல எத்தனையோ விமானம் பறக்குது."

"அதுல எல்லாம் பொட்டு வெக்கற ஆளுங்க இல்லை. மூக்கைப் புடிச்சுக் கீழ அமுத்தற மிசினும் இல்லை. செயற்கைக்கோள் நிஜ வேகத்தைச் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு, அதை நம்பாதேன்னு காவலனுக்குச் சொல்லி வெச்சதும் நாமதான். இதையெல்லாம் நடுவர் ஏன் கேக்கலை?"

"நடுவர் கட்டினவன் கையைப் பாக்கும். நம்ம வரைபடத்தைப் பாக்காது. அதுக்கு அதைக் காட்டினதே இல்லை." ரகுநந்தன் சிரித்தார். கெட்டவர் சிரிப்பு இல்லை அது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர் சிரிக்கிற சிரிப்பு. "சட்டமே அப்படித்தாம்மா. நாங்க நாலு வருஷம் டெல்லிக்கு நடையா நடந்து வாங்கின சட்டம்."

அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்வையை மேலே தூக்கினாள். அங்கே படம். பட்டு வேட்டி, மாலை, விமானம். தூக்கிய வலது கை. மோதிர விரல். விரலுக்குக் கீழே, அவள் சொல்லி வரைந்த சிவப்பு வட்டத்துக்கு நட்ட நடுவில், சந்தனமும் குங்குமமுமாக ஒரு பெரிய பொட்டு.

ஐந்து வருஷமாக அந்தப் படம் அங்கேதான் தொங்குகிறது. படத்தின் ஓரத்தில் பல் தெரியக் கைதட்டிக்கொண்டு நிற்பவள் சுடரேதான். வட்டத்தைப் பார்த்ததும் பொட்டு வைக்கத் தோன்றியது துளசிமணிக்கு மட்டும் இல்லை. துளசிமணிக்குத் தெரியாது, சரி. துளையைத் தெரிந்த இத்தனை பேரில் ஒருவரும் அன்று கவனிக்கவில்லை. விமானம் ஒன்றும் ஆகாமல் பறந்து இறங்கியது, சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவிவிட்டார்கள்.

"கையெழுத்து வாங்கிட்டியா?" என்று கேட்டார் ரகுநந்தன்.

"நாளைக்கு வாங்கிடறேன் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். குரல் அவ்வளவு அமைதியாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

கட்டுகிறவர்களின் பெயரை நடுவரிடம் பதிவதும் அவள் வேலைதான். முதல் ஊசித்தட்டானை எண் பூஜ்யம் என்று பதிந்தாள். கட்டியவர்: ரகுநந்தன். அது பொய்யும் இல்லை. 'என் கையால் கட்டினேன்' என்று கண்ணாடி மாட்டிக்கொண்டு அவர் விளம்பரப் படத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் கண்ணாடிப் பதிவு முழுவதையும், சுவரில் தொங்கிய படத்தின் நகலையும் உள்ளே தள்ளினாள். கூடவே இரண்டு வரைபடங்கள், பழையதும் புதியதும். கட்டியவர் கையில் இருந்த காகிதம் என்று தலைப்பிட்டால் நடுவர் அதையும் படிக்கும். எடைக் குறைப்பு உத்தரவு, தன் கடிதம், வட்டத்துக்குச் சிவப்பு நிறம் பரிந்துரைத்த தன் குறிப்பு. கடைசித் தாளில் ஒரு கணம் கை நின்றது. பிறகு அதையும் போட்டாள். முதல் பறப்பை ஆராய்ந்து தீர்ப்புச் சொல் என்று கேட்டாள். விழாத விமானத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

நாலாவது நிமிடத்தில் ரகுநந்தன் ஓடி வந்தார். அவர் போனில் எச்சரிக்கை அடித்திருக்கும்.

"என்ன பண்ணிட்டிருக்க? நிறுத்து அதை!"

"முடியாது சார். நடுவுல யாரும் நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் கேட்டு வாங்கினதே நீங்கதானே."

அவர் பிளக்கைப் பிடுங்கப் போனார். நடுவர் இருப்பது அந்த அறையில் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இதுதான். பிடுங்கிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுடரின் போனிலும் அவர் போனிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது.

'எண் பூஜ்யம். குறை எண் 2917 உள்ளது. வைத்தவர்: கட்டியவர் ரகுநந்தன். எதிர்பார்க்கும் விளைவு: விபத்து. நேர்ந்த விளைவு: பத்திரமாக இறங்கியது. எண் 88, நாச்சிமுத்து: அதே குறை, மரணம். ஒரே குறைக்கு இரண்டு விளைவு. ஆகவே குறை காரணம் ஆகாது. வேறுபாடு: வலப்பக்கக் காற்றுத் துளை. எண் பூஜ்யத்தில் உண்டு, எண் 88இல் இல்லை. நீக்க உத்தரவிட்டவர்: ரகுநந்தன். பொட்டு வைக்கத் தூண்டிய சிவப்பு வட்டத்தைப் பரிந்துரைத்தவர்: சுடர்க்கொடி. எண் 88இன் தீர்ப்பு திரும்பப் பெறப்படுகிறது.'

சட்டப்படி அது விமானத் துறைக்கும், பெட்டி வாங்கிய நூற்று நாற்பது பேருக்கும், இறந்தவரின் குடும்பத்துக்கும் போய்விட்டது.

"உன் பேரும் இருக்குதுடி இதுல," என்றார் ரகுநந்தன். "முட்டாள்! உன் பேரும்தான் இருக்குது!"

"தெரியும் சார். என்னுதை நானேதான் கொடுத்தேன். உங்களுது சுவத்துலேயே தொங்குச்சு."

கால் மணி நேரத்தில் பல்லடத்திலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மிணி, எம் பையன் படிச்சுக் காட்டுனானுங்க," என்றாள் துளசிமணி. பின்னால் யாரோ கத்துவதும், "நீங்க கம்முனு இருங்க!" என்று இவள் திரும்பி அதட்டுவதும் கேட்டது. நாத்தனார் குரலாக இருக்க வேண்டும். "நான் கொல்லலைன்னு போட்டிருக்குதாமா?"

"ஆமாங்க அக்கா. நீங்க கொல்லலீங்க."

"உம் பேரும் போட்டிருக்குதாமா? அந்த வட்டம்?"

"ஆமாங்க. நான் சொல்லித்தான் வரஞ்சாங்க."

"அன்னைக்கி வந்து உக்காந்தியே, அப்ப ஏன் சொல்லலை?"

"வாய் வரலைங்க அக்கா."

துளசிமணியின் குரலில் இரக்கம் ஒரு துளியும் இல்லை.

"உன்னெ மன்னிக்கறதா வேண்டாமான்னு நான் பொறவு பாத்துக்கறேன். எங்க வூட்ல ஆனது ஆயிப்போச்சு. அந்த நூத்திநாப்பது வூட்டுலயும் எவளாச்சும் சந்தனத்தைக் கொழைச்சுட்டு நிப்பா. ஒவ்வொருத்தருக்கா நீயே போனைப் போடு. காயிதம் அனுப்பிச்சா எவனும் படிக்க மாட்டான். வெய்யி போனை."

நூற்று நாற்பதில் கட்டி முடித்துப் பறந்தவை பத்துகூட இருக்காது. முடிக்கிற நிலையில் இருந்தவற்றின் பட்டியலைச் சுடர் எடுத்தாள். முதலில் எண் 91, ராசிபுரம். ஒரு பெண் எடுத்தாள்.

"நீள்சிறகு கம்பெனியில இருந்து பேசறேங்க. பூசை போட்டாச்சுங்களா?"

"நேத்துத்தாங்க போட்டோம். வெள்ளிக்கெழமை இவரு மேல ஏத்தறாருங்க."

"விமானத்துக்குப் பொட்டு ஏதும் வெச்சீங்களா?"

"டிவியில பாத்தோமுங்க, அந்தப் பல்லடத்துக்காரம்மா துளையில வெச்சுட்டாங்களாமே? அப்படியும் வெப்பாங்களா யாராச்சும்?" அந்தப் பெண் வருத்தமும் பெருமையுமாகச் சொன்னாள். "நாங்க துளை கிளைன்னு எந்தப் பக்கமும் போகலீங்க. நீங்களே செவப்பு வட்டம் போட்டு எடம் காட்டியிருக்கறீங்களே, கரெக்டா அதுக்குள்ளதாங்க வெச்சோம்."